டப்பாவுக்குப் போன கடிதங்கள்

ஜூன் 7

அன்பு மகளுக்கு,

விடுதியில் தலைக்கு மேலே விசிறி சுற்றுகிறதா, வயிற்றுக்கு நேரத்துக்கு ஏதாவது விழுகிறதா என்று தெரிந்துகொள்ள ஆசை. இங்கே நானும் அம்மாவும் நன்றாக இருக்கிறோம். அவளைவிட நான் கூடுதலாகவே நன்றாக இருப்பதாக என் தொப்பையைப் பார்த்து அவள் சொல்கிறாள்.

போனை வாங்கிப் பூட்டி வைத்துவிட்டு, சனிக்கிழமை அரைமணி நேரம் மட்டும் கடிதம் படிக்கவிடும் பயிற்சி நிலையத்தை நீயாகத் தேடிப் போய்ச் சேர்ந்திருக்கிறாய். காரணம் யார் என்று எனக்குத் தெரியாதா? போன வருஷம் இதே மாதிரி நீ படித்துக்கொண்டிருந்தபோது, எனக்கு நெஞ்சு வலி, உயிர் போகிறது என்று விடுதிக்குப் போன் போட்டு உன்னை ஓடி வரவைத்தேன். எல்லா டெஸ்டும் எடுத்துப் பார்த்துவிடலாம் என்று மூன்று வாரம் பிடித்தும் வைத்தேன். கடைசியில் டாக்டர் என் வயிற்றைத் தட்டிப் பார்த்து ஒரே சொல்லில் முடித்தார்: "காத்து." அந்தக் காற்றுக்காக உனக்கு ஆங்கிலத்தில் நாலு மார்க் குறைந்து, வேலைக்கான தேர்வே கைவிட்டுப் போனது. இந்த வருஷத்தோடு அந்த வேலைக்கு உன் வயசு வரம்பும் முடிகிறது.

அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். "இந்தத் தடவை வீடே பத்தி எரிஞ்சாலும் அவளைக் கூப்பிடக் கூடாது. ரெண்டு வாளி தண்ணி ஊத்தி நீங்களே அணைச்சிக்கோங்க." நானும் தலையாட்டிவிட்டேன்.

படி, சாப்பிடு, தூங்கு. அம்மா கீழே ஒரு வரி எழுத இடம் விடச் சொன்னாள். விட்டிருக்கிறேன்.

உன் அப்பா

குடை எடுத்துட்டுப் போனியா? – அம்மா


ஜூன் 19

அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

நான் நலம். விசிறி சுற்றுகிறது, சத்தமும் போடுகிறது. குடை இருக்கிறது என்று அம்மாவிடம் சொல்லுங்கள்.

இங்கே ஆங்கில ஆசிரியருக்கு நாங்கள் வைத்த பெயர் சிவப்புப் பேனா. என் போன வருஷக் கட்டுரையை வாங்கிப் பார்த்தார். அதில் 'இம்பார்ட்டன்ட்' பத்தொன்பது தடவை வந்திருந்தது. "ஏம்மா, எல்லாமே முக்கியம்னா எதும்மா முக்கியம்?" என்று கேட்டார். வகுப்பே சிரித்தது. பிறகு ஒரு பட்டியல் கொடுத்தார். அதை உங்களுக்கும் எழுதி அனுப்புகிறேன். எழுதினால் எனக்கு மனசில் நிற்கும், அதோடு உங்களிடம் ஒரு வேலையும் இருக்கிறது.

உச்சியில் இருப்பது பாரமவுன்ட். எல்லாவற்றுக்கும் மேலானது. அதற்கு முன்னால் 'வெரி' போடக் கூடாது, அதற்கு மேல் ஏற இடமில்லை. அடுத்தது குரூஷியல்: இதை வைத்துத்தான் மற்றதெல்லாம் முடிவாகும். எசென்ஷியல்: இது இல்லாமல் வேலையே நடக்காது. சிக்னிஃபிகன்ட்: கண்ணுக்குப் படும் அளவுக்குப் பெரியது, உங்கள் தொப்பை மாதிரி. அதற்குக் கீழே மைனர், சின்ன விஷயம். அடிமட்டத்தில் ட்ரிவியல். ஒரு நிமிஷம் செலவழிக்கக்கூடத் தேவையில்லாதது.

வேலை இதுதான். நீங்கள் எட்டுப் பக்கம் எழுதுகிறீர்கள். விஷயம் ஏழாவது பக்கத்தில் வருகிறது. எனக்கு இருப்பது அரைமணி. அதனால் இனிமேல் உறையின் மேலேயே இந்த வார்த்தைகளில் ஒன்றை ஆங்கிலத்தில் எழுதுங்கள். எதை முதலில் படிப்பது என்று எனக்குத் தெரியும், பாடமும் ஓடும்.

அன்புடன், மகள்


ஜூலை 2
(உறையின் மேல்: குரூஷியல்)

அன்பு மகளுக்கு,

உன் உடம்பும் படிப்பும் சுகம்தானே? நாங்கள் சுகம்.

உறையைப் பார்த்துப் பதறியிருப்பாய். குளியலறைக் குழாய் ஒழுகுகிறது. பிளம்பர் வந்து பார்த்தார், இப்போது முன்னைவிட நன்றாக ஒழுகுகிறது. குளித்தால்தான் வேலைக்குப் போக முடியும், வேலைக்குப் போனால்தான் மற்றதெல்லாம். ஆகவே குரூஷியல். சரிதானே?

உன் பட்டியலை அடுப்படிச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். ஒன்று சொல்லட்டுமா, இந்தப் பாடத்தில் உன் சிவப்புப் பேனா சாரைவிட எனக்கு அனுபவம் ஜாஸ்தி. இருபத்தாறு வருஷமாக நம் அலுவலகத் தபால் பிரிவில் முத்திரை குத்துகிறேன். பெயரே மறந்துபோய் எல்லோரும் 'முத்திரை' என்றுதான் கூப்பிடுகிறார்கள். என் மேசையில் மூன்று ரப்பர் முத்திரை. 'மிக அவசரம்' தேய்ந்து வழுக்கையாகிவிட்டது, மூன்று தடவை மாற்றியாகிவிட்டது. 'அவசரம்' பாதி உயிரோடு இருக்கிறது. 'சாதாரணம்' மட்டும் வாங்கிய அன்றைக்கு இருந்த மாதிரியே பளபளப்பாக இருக்கிறது. தன் கடிதம் சாதாரணம் என்று ஒப்புக்கொள்ள இதுவரை ஒரு ஆளும் வரவில்லை.

அம்மாவிடம், "உன்னை எந்த வார்த்தையில போடட்டும்?" என்று கேட்டேன். "என்னை எதுலயும் போட வேணாம். சட்டையில பித்தான் மாதிரி இருந்துட்டுப் போறேன்" என்றாள். சீருடைக் கம்பெனியில் நாள் முழுக்கப் பித்தான் தைக்கிறவள் வேறு என்ன சொல்வாள்? இப்போதெல்லாம் மாடிப்படி ஏறும்போது நடுவில் நின்றுகொள்கிறாள். வயசாகிறது என்று கிண்டல் செய்தேன், முறைத்தாள்.

உன் அப்பா

துணி காயவெச்சா மறக்காம எடு. – அம்மா


ஜூலை 16

அப்பாவுக்கு,

நலம். மாதிரித் தேர்வில் கட்டுரைக்கு அறுபத்தெட்டு வந்தது. போன மாதம் ஐம்பத்தொன்று. இதற்குப் பெயர்தான் சிக்னிஃபிகன்ட்.

ஒழுகுகிற குழாய் குரூஷியல் கிடையாது அப்பா. உறையைப் பார்த்து அவசர அவசரமாகப் பிரித்தேன், உள்ளே பிளம்பர்! பக்கத்துக் கட்டில்காரி விழுந்து விழுந்து சிரித்தாள். இனி உங்களுக்குக் கட்டுப்பாடு. பாரமவுன்ட் ஒரே ஒரு தடவைதான், குரூஷியல் இன்னும் ஒரு தடவை. குழாய், பக்கத்து வீட்டுச் சண்டை, உங்கள் வயிறு எல்லாவற்றுக்கும் ட்ரிவியல். அந்த உறைகளை நான் பிரிக்கவே மாட்டேன். ஒரு பிஸ்கட் டப்பா வைத்திருக்கிறேன், நேராக அதற்குள் போகும். தேர்வு முடிந்து மொத்தமாகப் படித்துக்கொள்வேன். சத்தியமாக.

அம்மா ஏன் படியில் நிற்கிறாள்?

மகள்


ஆகஸ்ட் 1
(உறையின் மேல்: சிக்னிஃபிகன்ட்)

அன்பு மகளுக்கு,

உன் அறுபத்தெட்டைக் கேட்டு இங்கே வீடு முழுக்க நலமாகிவிட்டது. அலுவலகத்தில் நாலு பேருக்குச் சொன்னேன். ஐந்தாவது ஆளிடம் எழுபது என்று சொல்லிவிட்டேன், வாய் தவறித்தான்.

இதை ஒரு நீளமான பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். வங்கியில் ஒரு வேலை. கையில் சீட்டு, எண் முப்பத்தேழு. இப்போதுதான் பன்னிரண்டைக் கூப்பிட்டார்கள். பக்கத்தில் ஒருவர் இருமிக்கொண்டே இருக்கிறார். எதிர்ச் சுவரில் 'அமைதி' என்று எழுதியிருக்கிறது, அதற்கு அடியில் ஒரு குழந்தை அழுகிறது.

அம்மா படியில் நிற்பது பற்றிக் கேட்டிருந்தாய். இப்போது படி ஏறுவதில்லை. கம்பெனியில் கீழ்த்தளத்துக்கு மாறிவிட்டாள். அங்கே வேலை அதிகம், அதனால் இந்தத் தடவை அவளுடைய வரி இல்லை. அவள் சார்பில் நான்: குடை, துணி, சாப்பாடு.

எண் வந்துவிட்டது.

உன் அப்பா


ஆகஸ்ட் 20
(உறையின் மேல்: ட்ரிவியல்)

அன்பு மகளே,

உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்கும் தகுதி எனக்கு இன்றைக்கு இல்லை. ஆனாலும் கேட்கிறேன். நன்றாக இரு.

அது வங்கி இல்லை, ஆஸ்பத்திரி. முப்பத்தேழு அம்மாவின் எண்.

அவளுக்கு இதயம் வீங்கியிருக்கிறது. ரொம்ப நாளாகவே இருந்திருக்குமாம், இவள் மூச்சு வாங்குவதைச் சொல்லாமல் பித்தான் தைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். பன்னிரண்டு நாளாக இங்கேதான் இருக்கிறாள். ஜன்னல் ஓரக் கட்டில். ஆபரேஷன் தாங்கும் உடம்பு இல்லை, மருந்தில் பார்ப்போம் என்றார் டாக்டர். போன வருஷம் என் வயிற்றைத் தட்டியவர்தான். இந்தத் தடவை ஒரு சொல்லில் முடிக்கவில்லை. நிறையப் பேசினார், அதனால்தான் எனக்குப் பயம் வந்தது.

உன்னைக் கூப்பிடுகிறேன் என்றேன். "கூப்பிட்டீங்கன்னா மருந்து குடிக்க மாட்டேன்" என்றாள். "பெத்த பிள்ளைகிட்ட எத்தனை நாளைக்குடி பொய் எழுதுறது, எனக்கு அந்தத் திறமை இல்லை" என்று கத்தினேன். நர்ஸ் வந்து என்னை அடக்கினாள். அம்மா என் கையைப் பிடித்துக் கட்டில் ஓரத்தில் உட்காரவைத்தாள். பிறகு சொன்னாள்: "பொய் சொல்ல வேணாம். உள்ளதை உள்ளபடி எழுதுங்க. மேல மட்டும் அந்தக் கடைசி வார்த்தை இருக்கட்டும். அவதான் டப்பாவுல போட்டுடுவாளே."

எட்டாவதோடு நின்ற பொம்பளை. என் இருபத்தாறு வருஷ சர்வீஸில் இப்படி ஒரு வழி எனக்குத் தோன்றியதில்லை.

என் பையில் இப்போது இரண்டு உறை இருக்கிறது. ஒன்றின் மேல் பாரமவுன்ட் என்று நான் எழுதியிருக்கிறேன். இரண்டிலும் உன் விலாசம்தான். தபால் பெட்டிவரைக்கும் போய் எதைப் போடுவது என்று அங்கே பார்த்துக்கொள்கிறேன்.

இதை நீ இப்போது படித்துக்கொண்டிருந்தால், நீ சத்தியத்தை மீறிவிட்டாய் என்று அர்த்தம். சின்ன வயசில் சொன்ன பேச்சைக் கேட்கவே மாட்டாய். உன்னை அதற்காக எத்தனையோ தடவை திட்டியிருக்கிறேன். இந்த ஒரு தடவை அப்படி இருந்துவிடு கண்ணு. கடிதம் சனிக்கிழமை உனக்குக் கிடைக்கும். ஞாயிறு முழுக்க நான் ஆஸ்பத்திரி வாசலில் நிற்பேன்.

உன் அப்பா


செப்டம்பர் 4

அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

நலம், நலம், நலம். ஹால் டிக்கெட் வந்துவிட்டது! அக்டோபர் ஆறு. மாதிரித் தேர்வில் எழுபத்து நாலு. இனிமேல் நீங்கள் எழுபது என்று சொன்னால் அது குறைத்துச் சொல்வது.

உங்கள் முதல் ட்ரிவியல் வந்து சேர்ந்தது. நான் நல்ல பிள்ளை. பிரிக்கவில்லை, டப்பாவில் பத்திரமாக இருக்கிறது. பெரிய ஆசை எனக்கு, தடவித் தடவிப் பார்த்தேன், கனமாகவே இருந்தது. குழாய்க் கதை முடிந்து பக்கத்து வீட்டுச் சண்டை தொடங்கிவிட்டது போலிருக்கிறது. ஆனால் அப்பா, உங்கள் ஆங்கிலக் கையெழுத்துக்கு என்ன ஆயிற்று? 'ஏ' எழுத்து குடித்துவிட்டு வந்த மாதிரி ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடக்கிறது. பக்கத்துக் கட்டில்காரியிடம் காட்டினேன், "உங்க அப்பா ஒன்னாங்கிளாஸா?" என்கிறாள்.

அம்மாவிடம் சண்டை. இரண்டு மாதமாக ஒரு வரி இல்லை. கீழ்த்தளத்தில் பேனாகூடக் கிடைக்காதா? அடுத்த கடிதத்தில் கட்டாயம் அவள் கையால் எழுதவேண்டும், ஒரு சொல்லானாலும் பரவாயில்லை.

மகள்


செப்டம்பர் 26
(உறையின் மேல்: ட்ரிவியல்)

மகளே,

நேற்று காலை பத்து மணிக்கு அம்மா போய்விட்டாள்.

நர்ஸ் காய்ச்சல் பார்க்க வந்தாள். அம்மா என்னைப் பார்த்து, "உங்க சட்டையில ரெண்டாவது பித்தான் தொங்குது பாருங்க" என்றாள். குனிந்து பார்த்தேன். நிமிர்ந்தபோது முடிந்துவிட்டிருந்தது. அவ்வளவு நேரம்தான்.

எல்லாக் காரியமும் நேற்றே முடிந்தது. அவள் கம்பெனியிலிருந்து நாற்பது பேர் வந்தார்கள். எல்லோரும் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: "பொண்ணு வரலையா?" முந்தைய நாள்வரை உன்னைக் கூப்பிடாதது அவளுடைய பிடிவாதம். நேற்று கூப்பிடாதது நான். விடுதியின் எண்ணைப் பாதிவரை அழுத்தினேன். தேர்வுக்குப் பதினோரு நாள் இருக்கிறது, இப்போது சொல்லிவிட்டால் அவள் இத்தனை நாள் தனியாகப் படுத்துக் கிடந்ததற்கு என்ன அர்த்தம் என்று தோன்றியது. போனை வைத்துவிட்டேன். செய்தது சரியா என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்த ஆள் யாரும் இப்போது வீட்டில் இல்லை.

அப்பா


செப்டம்பர் 26
(உறையின் மேல்: எசென்ஷியல்)

அன்பு மகளுக்கு,

எழுபத்து நாலுக்கு ஒரு கும்பிடு. இங்கே எல்லாம் வழக்கம்போல. குழாய் ஒருவழியாக நின்றுவிட்டது, தண்ணீரும் சேர்ந்து நின்றுவிட்டது.

எசென்ஷியல் சமாசாரத்தை முதல் பக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன், பார், நானும் திருந்திவிட்டேன். ஹால் டிக்கெட், இரண்டு பேனா, கடிகாரம், தண்ணீர் பாட்டில். காலையில் வெறும் வயிற்றோடு போகாதே. தெரியாத கேள்வியை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போ. மழை வரும் மாதிரி இருந்தால் குடை.

அம்மா கையால் ஒரு சொல் கேட்டிருந்தாய். அதை நீ வந்து பார்த்துக்கொள்ளலாம். தேர்வு முடியட்டும்.

உன் அப்பா, ஒன்னாங்கிளாஸ்


அக்டோபர் 6

அப்பா! அம்மா!

முடிந்தது! கட்டுரையில் இம்பார்ட்டன்ட் ஒரு தடவைகூட வரவில்லை. பாரமவுன்ட் ஒன்று, குரூஷியல் இரண்டு, வெரி எங்கேயும் இல்லை. சிவப்புப் பேனா சார் வாசலிலேயே நின்று கேட்டுவிட்டுத் தலையாட்டினார். அவர் தலையாட்டி இப்போதுதான் பார்க்கிறேன்.

எட்டாம் தேதி ரயில். இந்தக் கடிதமும் நானும் ஒன்றாகவே வந்து சேர்ந்தாலும் சேர்வோம். போனை நாளைக்குத் தருகிறார்கள், ஆனால் பேச மாட்டேன், நேரில்தான். டப்பாவில் இரண்டு ட்ரிவியல் இருக்கிறது. ரயிலில் பிரிக்கப் போகிறேன். வழி முழுக்கச் சிரித்துக்கொண்டு வருவேன்.

அம்மாவை அன்றைக்கு லீவு போடச் சொல்லுங்கள்.

மகள்


அக்டோபர் 21

அப்பாவுக்கு,

விடுதிக்கு வந்து சேர்ந்தேன். முடிவு வரும்வரை இங்கேயே சின்ன வகுப்புகளுக்குப் பாடம் எடுக்கிறேன்.

வீட்டில் பத்து நாள் இருந்தும் கேட்க முடியவில்லை, இதில் கேட்கிறேன். எது முக்கியம் என்று எனக்காக முடிவு செய்ய நீங்கள் யார்?

பதில் வேண்டாம்.


ஜனவரி 12
(உறையின் மேல்: ட்ரிவியல்)

அன்பு மகளுக்கு,

உடம்பு நன்றாக இருக்கிறதா? மூன்று மாதமாகக் கேட்க ஆள் இல்லாமல், கேள்வி என்னிடமே கிடக்கிறது. நான் இருக்கிறேன். சட்டைப் பித்தானை நானே தைத்தேன், விரலோடு சேர்த்து.

நீ தேறிவிட்டாய். வேலைக்கான உத்தரவு வீட்டு விலாசத்துக்கு வந்தது. அதைத் தனியாகப் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன், ஆகவே இந்தக் கடிதத்தைப் படிக்காவிட்டாலும் உனக்கு நஷ்டம் இல்லை. ஆங்கிலத்தில் எண்பத்தொன்று. அலுவலகத்தில் யாரிடமும் கூட்டிச் சொல்லவில்லை.

'நீங்கள் யார்?' என்று என்னைக் கேட்டிருந்தாய். யோசித்துப் பார்த்தேன். முத்திரை குத்துகிற ஆள். வருகிறவர் சொல்கிற முத்திரையைக் குத்தி அனுப்புவதுதான் வேலை, உள்ளே என்ன இருக்கிறது என்பது என் பொறுப்பில்லை என்றே காலம் தள்ளிவிட்டேன். உங்கள் அம்மா சொன்னாள் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம்தான். ஆனால் அன்றைக்குத் தபால் பெட்டி முன்னால் இரண்டு உறையோடு நின்றது நான். பாரமவுன்ட் உறையைக் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டதும் என் கை. கடைசி நாளில் போனை வைத்ததும் என் கை. அதற்குப் பிறகாவது நேரில் வந்து சொல்லியிருக்கவேண்டும். தேர்வன்றைக்கு உன் வாசலில் வந்து நிற்க ரயில் டிக்கெட் எடுத்தேன். பிளாட்பாரம்வரை போனேன். வண்டி கிளம்பிப் போகும்வரை ஒரு பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். அப்பேர்ப்பட்ட வீரன் உன் அப்பன்.

உன் கோபத்தைக் குறைக்க இதை எழுதவில்லை. அது உனக்கு உரியது, வைத்துக்கொள். நீ வீட்டில் இருந்த பத்து நாளும் சொல்ல வாயெடுத்து முழுங்கிய ஒரே ஒரு விஷயத்துக்காக எழுதுகிறேன்.

அம்மா கையால் ஒரு சொல்லாவது வேண்டும் என்று கேட்டாய். அது அப்போதே உன்னிடம் வந்துவிட்டது. உறையின் மேல் இருந்தது என் எழுத்து இல்லை. "நீங்க எழுதுனா உங்க கை நடுங்கும், அவ கண்டுபிடிச்சிடுவா" என்று சொல்லி, சுவரில் இருந்த உன் பட்டியலை என்னைக் கொண்டுவரச் சொன்னாள். அந்தக் கடைசி வார்த்தையை மடியில் வைத்துப் பார்த்துப் பார்த்து, ஒவ்வொரு எழுத்தாக வரைந்தாள். முழுசாக ஒரு மதியம் ஆயிற்று. மூன்று உறை எழுதினாள். "ஒன்னு இப்ப அனுப்புங்க. ஒன்னு வெச்சிருங்க, தேவைப்படும்" என்றாள். மூன்றாவது எதற்கு என்று கேட்டேன். "ஒன்னு கசங்கிப்போனா வேணுமே" என்றாள்.

எதுவும் கசங்கவில்லை. அந்த மூன்றாவதில்தான் இதை அனுப்புகிறேன்.

பிரிக்க மனசு இல்லை என்றால் அப்படியே டப்பாவில் போட்டு வை, நான் ஒன்றும் நினைக்க மாட்டேன். உறையை மட்டும் கிழித்துவிடாதே. இதிலும் அந்த 'ஏ' கொஞ்சம் சாய்ந்துதான் இருக்கும். அன்றைக்கு அவளுக்குத் தலையணை உயரம் போதவில்லை.

உன் அப்பா